கடவாப் பல்லுக்கு ஒரு வெள்ளி முகம்

ஏங்க, எந்திரிச்சிட்டீங்களா? கடவாப் பல்லு இன்னும் வலிக்குதா?

நேத்து ஜோகூர் பாரு சீன டாக்டர் பாதரசத்தையும் வெள்ளியையும் கொழச்சு அடைச்சாரே, அது இன்னிக்குத்தான் நல்லா இறுகுமாம். முறுக்கைத் தொடாதீங்க. கஞ்சி அடுப்படியில இருக்கு.

"என் வாயிலயே வெள்ளி வச்சாச்சு, மாரியம்மனுக்கு வேற எதுக்கு?"ன்னு சண்டை போட்டீங்களே! பேரன் பேத்தி எடுத்த மனுசன் வலியில உருண்டப்ப வேண்டிக்கிட்டது நான்லா! நான் காணிக்கை போடத்தான் போறேன். பத்தர்கிட்ட வெள்ளியில கண்ணு இருந்துச்சு, காலு இருந்துச்சு, பல்லு இல்ல. அதான் முழு முகமாவே வாங்கிட்டேன். அது வாயை மூடிக்கிட்டு இருக்கு. உள்ள பல்லு இருக்குன்னு ஆத்தாகிட்ட நானே சொல்லிக்கிறேன்.

அய்யய்யோ, வலப்பக்கமா இடப்பக்கமா? மறந்துபோச்சு! நான் மாத்திச் சொல்லி, ஆத்தா நல்ல பல்லைக் குணமாக்கிட்டா? இந்தச் சீட்டுக்குப் பின்னால எந்தப் பக்கம்னு எழுதி மருமக அஞ்சலைகிட்ட குடுத்து விடுங்க. கோயில் வாசல்லயே நிக்கிறேன்.