புதுத் தொட்டித் தண்ணீர்

டீச்சர்,

மகள் தர்மபுரியில் வீடு கட்டுகிறாள். நேற்று போனபோது, புதுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பூச்சு முடித்து நீர் நிரப்பி வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். ஈரச் சிமென்ட் வாசம் முகத்தில் அடித்தது. உடனே உங்கள் ஞாபகம். நீங்கள் போய் நாலு மாதமாகிறது. அடக்கத்துக்கு என்னால் வர முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அரூரில் நான் உர, பூச்சிமருந்துக் கடை வைத்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நீங்கள் உயர்நிலைப் பள்ளியில் சயின்ஸ் டீச்சர். வீட்டு ரோஜாச் செடிக்கு உரம் வாங்க வருவீர்கள், அவ்வளவுதான் பழக்கம். அன்றும் அதற்காகத்தான் வந்திருந்தீர்கள். அப்போதுதான் கத்தரி போட்டிருந்த விவசாயி மாதப்பன் என் கடை முன்னால் நின்று சத்தம் போட்டார்.

"மாலத்தியான் மருந்துன்னு சொல்லி வெறும் தண்ணிய வித்துட்டீங்களே! அடிச்சு மூணு நாளாவுது, ஒரு பூச்சி சாவல. கத்தரித் தோட்டமே போச்சுங்க!"

கூட்டம் கூடிவிட்டது. கலப்படக்காரன் என்று பேர் வந்தால் அந்த ஊரில் கடை நடத்த முடியுமா? "டீச்சர், நீங்க சொல்லுங்க, நான் அப்படிப்பட்டவனா?" என்று உங்களைப் பார்த்துக் கெஞ்சினேன்.

"அது எனக்கெப்படித் தெரியும்?" என்றீர்கள். "மருந்தைப் பார்த்துதாங்க சொல்ல முடியும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. சோதனைக்குப் புதுப் பாட்டில் தருகிறேன் என்றதற்கு, "உங்க கையால குடுத்தா யாருங்க நம்புவாங்க?" என்று கேட்டு, மாதப்பன் வீட்டில் மீந்திருந்த அதே பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னீர்கள். பிறகு அவரிடம் திரும்பி, மருந்தை எதில் கலந்தார், எப்போது அடித்தார் என்று நிதானமாக விசாரித்தீர்கள்.

"கெணத்தோரம் புதுசா தொட்டி கட்டினேங்க. அதுல கலந்து வெச்சேன். அன்னிக்கு ஸ்பிரேயர் கெடைக்கல. மறுநாள்தான் அடிச்சேன்."

சனிக்கிழமை காலை பள்ளி லேபில் மூன்று ஜாடிகள் வைத்தீர்கள். ஒன்றில் மழைத்தண்ணீர், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மூன்றாவதில் அந்தத் தொட்டித் தண்ணீர். சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தபோது தொட்டித் தண்ணீரில்தான் அது பளிச்சென்று நீலமானது. மூன்றிலும் ஒரே அளவு மருந்து விட்டீர்கள். அப்போதே ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கொசுப்புழு நீந்தும் கண்ணாடி டம்ளர்களில் ஊற்றினீர்கள். மூன்றிலும் புழுக்கள் செத்தன.

"பாட்டில்ல மருந்து இருக்குது" என்றீர்கள். நான் கிளம்பப் பார்த்தேன். "எங்க போறீங்க? தண்ணியில எத்தன நேரம் தாங்குதுன்னு பார்க்க வேணாமா?"

மறுநாள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, தலையில் மல்லிகையோடு நேராக லேபுக்கு வந்தீர்கள். மாதப்பனும் வந்திருந்தார். ஜாடிகளிலிருந்து மறுபடி எடுத்துப் புதுப் புழுக்களுக்கு ஊற்றினீர்கள். மழைத்தண்ணீரிலும் கிணற்றுத் தண்ணீரிலும் இருந்தவை அடங்கிப்போயின. தொட்டித் தண்ணீரில் இருந்தவை மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல நெளிந்து நெளிந்து மேலே வந்தன. மாதப்பன் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"புதுச் சிமென்ட்டுல சுண்ணாம்பு ஊறி எறங்கும். அந்தத் தண்ணி இந்த மருந்தை ஒடைச்சிடும்" என்று அவருக்கு விளக்கிவிட்டு ஒரு சீட்டு எழுதினீர்கள். மூன்றே வரி. மருந்தில் குறை தெரியவில்லை. சுண்ணாம்பு ஊறிய நீரில் ஒருநாள் நின்றதால் அது கெட்டுவிட்டது. கலந்தவுடன் அடிக்க வேண்டும் என்று விற்றவர் சொல்லவில்லை.

"கடைசி வரி வேணுங்களா, டீச்சர்?"

"சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப இருக்கட்டும்."

அடுத்த சந்தை நாளில் கடை முன்னால் நின்று அந்தச் சீட்டை நானே உரக்கப் படித்தேன். மூன்றாவது வரியை முடித்துவிட்டு, "ஆமாங்க, அது என் தப்புதான்" என்றும் சொன்னேன். பிறகு மாதப்பன்தான் பேசினார்: "நானும் கேக்கலீங்களே. இன்னொரு பாட்டில் குடுங்க. இந்த வாட்டி கெணத்துத் தண்ணியில கலந்து, அப்பவே அடிச்சிடறேன்."

தோட்டத்தில் பாதிக்கு மேல் பிழைத்தது. அடுத்த வாரம் மாதப்பன் உங்களுக்கும் எனக்குமாக ஒரு கூடை கத்தரிக்காய் கொண்டுவந்தார். ஓரிரண்டில் சொத்தை இருந்ததைக் காட்டி நீங்கள் சிரித்தீர்கள்.

அதன் பிறகு முப்பது வருடம் கடை நடத்தினேன். எப்படிக் கலப்பது, எப்போது அடிப்பது என்று சொல்லாமல் ஒரு பாட்டிலும் விற்றதில்லை. ஆனால் நீங்கள் எனக்குக் கொடுத்தது அது மட்டுமல்ல. தப்பை ஒத்துக்கொண்டால் ஒருவன் அழிந்துபோவதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்றும் 'என் தப்புதான்' என்ற வார்த்தை எனக்குச் சுலபமாக வாயில் வருகிறது. "இவரோட முழுசா ஒரு சண்டை போட முடியுதா? பாதியிலயே ஒத்துக்கறாரு" என்று என் மனைவி எல்லோரிடமும் குறை சொல்கிறாள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, டீச்சர்.