இரண்டு விரல் நீளம்

அன்புள்ள தவளைக்கு,

சித்தப்பா எழுதுவது. நான் நலம், உன் சித்தி என்னைவிட நலம், சமையலறைக் குழாய் மட்டும் ஒழுகிக்கொண்டே நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன், இல்லையென்றால் இந்த வரியைப் படித்த உடனே அப்படி ஆகிவிடு. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், அதுதான் சாக்கென்று நான் கதையை வேறு தெருவுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நழுவுவதில் இந்தப் பூமியில் எனக்கு இணை கிடையாது என்பது உனக்கே தெரியும். காகிதத்தில் நழுவ முடியாது, சித்தி வேறு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் தலைகீழாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். எதிர்க்கடை சாவிக்காரர் தன் கடைச் சாவியையே தொலைத்துவிட்டு இரண்டு நாள் படியில் உட்கார்ந்திருந்தார், மற்றபடி தெருவில் செய்தி இல்லை. பார், நழுவ ஆரம்பித்துவிட்டேன். வில்லுக்கு வருகிறேன்.

மூன்று மாதம் முன்னால் நீ எழுதியிருந்தாய், பரணில் இருக்கிற என் வில்லை வேண்டுகிறவர்களுக்கு விற்றுவிடுங்கள், ஊரை விட்டு வருவதற்கு முந்தைய ஒரு வருஷமும் எய்த அம்பெல்லாம் இடப்பக்கமே போயிற்று, நாணை விடுகிற விரலில்தான் கோளாறு என்று பயிற்சியாளரும் சொல்லிவிட்டார், போட்டியில் கடைசியாக வந்தது போதும், என் கையில் எதுவும் நேராகப் போகாது என்று. அந்தக் கடைசி வரியைச் சித்தி இரண்டு தரம் படித்தாள். "இது வில்லப் பத்தி எழுதின மாதிரி இல்லையே" என்றாள். போன வாரம் அந்தப் பெரிய வேலைக்கு மனுப் போட்டாயா என்று கேட்டதற்கும், எனக்கெல்லாம் எங்கே நேராப் போகும் சித்தப்பா என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அது கிடக்கட்டும், நீ சொன்னபடி பேக்கரிச் சுவரில் நானே என் கைப்பட ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன், மாபெரும் வீராங்கனை ஒருத்தியின் வில் விற்பனைக்கு, பலவீனர்கள் வர வேண்டாம் என்று. பத்து நாள் யாரும் வரவில்லை, ஊரில் அவ்வளவு பலவீனம். பதினோராம் நாள் சனிக்கிழமை ஒரு அம்மாள் வந்தார், நகரப் பேருந்து ஓட்டுகிறவர், தோளைப் பார்த்தால் வழியில் பஸ் நின்றுபோனாலும் பயணிகளோடு தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுவார் என்று தோன்றும். வாங்க வருகிறவரிடம் வில்லை மொட்டையாக நீட்டினால் நம் குடும்ப கௌரவம் என்ன ஆவது, அதனால் நாணேற்றித் தயாராக வைத்திருந்தேன். வில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சார், இது வில்லா, துணி காயப்போடுற கொடியா?" என்றார். ஏற்கெனவே வளைந்திருக்கும் பக்கமாகவே இன்னும் வளைத்து நாணை மாட்டியிருக்கிறேன், முன்பக்கம் பின்னால், பின்பக்கம் முன்னால். ரொம்பச் சுலபமாக ஏறிற்றே, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், நான் என் புஜபலம் என்று நினைத்துக்கொண்டேன். சித்தி உள்ளேயிருந்து, "அவரு சட்டையவே அப்படித்தான் போடுவாரு" என்று குரல் கொடுத்தாள்.

அந்த அம்மாள் சிரித்து முடித்து (அதற்குள் ஒரு பஸ் வந்து போயிருக்கும்) நாணைக் கழற்றி, வில்லின் ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனை வரைக்கும் பார்த்தார். பிறகு கேலி இல்லாமல் சொன்னார், "நல்ல கை செஞ்ச வில்லு இது. ஆனா தப்பாக் கட்டினதுல முறுக்கிக்கிச்சான்னு தெரியல. ஒரு வாரம் சும்மா கிடக்கட்டும், எய்து பாத்துட்டு எடுத்துக்கிறேன்." அந்த ஒரு வாரம் நான் தூங்கவில்லை என்று சொன்னால் சித்தி இதைக் கிழித்துவிடுவாள், தூங்கினேன், ஆனால் குறட்டையில் வழக்கமான கம்பீரம் இல்லை. உன் முதல் சம்பளத்தில் வாங்கின வில்லை ஒரே பிற்பகலில் முறித்த மகான் ஆகிவிட்டேனோ என்று பயந்துதான் போனேன்.

அடுத்த சனிக்கிழமை நம் தோல்பைக் கடைக்குப் பின்னால் இருக்கிற முற்றத்தில், வெட்டின தோல் துண்டும் பஞ்சும் ஸ்பாஞ்சும் அடைத்து என் உயரத்துக்கு ஒரு மூட்டை தைத்துச் சுவரோரம் நிறுத்தினேன். நானும் ஓட்டுநரம்மாவும் பதினைந்து அடி எடுத்து வைத்து நின்றோம். நாணேற்றுகிற கயிற்றைக் காலில் மிதித்துக் கைப்பிடியை மேலே தூக்கி, வில்லின் நுனிகள் ஆளை விட்டு வெளியே பார்க்கும்படி நாணேற்றிக் காட்டினார். நாணுக்கும் கைப்பிடிக்கும் நடுவே சுமார் ஒரு சாண் இருக்க வேண்டுமாம். கொஞ்சம் குறைந்திருந்தது, நாணை இறக்கி இன்னும் நாலு முறுக்கு முறுக்கினார், அதுவரை நாணை விரலால் சுண்டும்போதெல்லாம் தொண்டை கட்டின மாதிரி அதிர்ந்துகொண்டிருந்த வில் சட்டென்று வாயை மூடிக்கொண்டது, இந்த வித்தையைச் சித்திமேல் பிரயோகிக்க முடியுமா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு அவர் தன் அம்பு மூன்றை உன் வில்லில் எய்தார். மூன்றும் நடுவில், ஒன்றையொன்று உரசிக்கொண்டு. வில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நான் ஆடத் தொடங்கினேன், முற்றம் தாங்கவில்லை. அப்புறம் உன் அம்புகளை எய்தார். இடப்பக்கம் ஒரு கையகலம். மறுபடியும் இடப்பக்கம். ஆட்டத்தை நிறுத்தினேன். அவர் உன் அம்பு ஒன்றிலிருந்து இறகுகளைச் சுரண்டி எடுத்துவிட்டு எய்தார், அது முழுதாக ஒரு முழம் இடப்பக்கம் போய் மூட்டையின் காதில் தொங்கிற்று. இறகு இருந்தால் அம்பின் குற்றத்தைக் கொஞ்சம் மூடி மறைக்குமாம், எடுத்துவிட்டால் உள்ளபடி பேசுமாம். "பொண்ணு கையில ஒண்ணும் இல்லண்ணே, அம்பு ரொம்ப விறைப்பு" என்றார், சாரிலிருந்து அண்ணனாக அன்றுதான் பதவி உயர்ந்தேன். அம்பு கைப்பிடியைத் தாண்டும்போது கொஞ்சம் நெளிந்து சுற்றிக்கொண்டு போக வேண்டும், நெளியாத அம்பு முட்டிக்கொண்டு இடப்பக்கம் விலகிவிடும். தண்டில் கடைக்காரர் எழுதியிருந்த விறைப்பு எண்ணைப் பார்த்தார், இந்த வில்லுக்குச் சரியான எண்தான், பின்னே எப்படி என்று தன் அம்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உன்னுடையது இரண்டு விரல் குட்டை. "இத யாரு வெட்டினது?" என்றார். சித்தி என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்க்கலாம் என்று நிமிர்ந்தேன், முற்றத்தில் விட்டம் ஏது.

நான்தான் வெட்டினேன், தவளை. உன் பிறந்தநாளுக்கு ஒரு பை தைத்தேனே, மூன்று உலகத்திலும் இல்லாத அம்புப் பை என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த அந்தப் பை. தைத்து முடித்துப் பார்த்தால் அம்புகள் இரண்டு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, மூடி மூடவில்லை. பையைப் பிரித்து நீட்டியிருக்கலாம். ஆனால் அந்தத் தையல் இருக்கிறதே, அப்படி ஒரு தையல் என் வாழ்நாளில் விழுந்ததில்லை, பிரிக்க மனசு வரவில்லை. நீ வேலைக்குப் போயிருந்தபோது அம்பு நுனியில் இருக்கிற இரும்பு முள்ளைக் கழற்றி, பன்னிரண்டு அம்பையும் இரண்டு விரல் அறுத்து, மறுபடி முள்ளை ஒட்டி, பாலிஷ் போட்டு வைத்துவிட்டேன். நீளமாக இருந்தபோது வளைகிற குச்சி குட்டையாக்கினால் வளையாது, இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்குத் தோன்றவில்லை. நீயும் பையைப் பார்த்த சந்தோஷத்தில் அம்பை அளக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு வருஷம் நீ தினம் சாயங்காலம் முகம் வாடி வருவாய், நான் பையைத் துடைத்து மாட்டிவிட்டு, விரலில் கவனம் வை என்று உனக்கே புத்தி சொல்வேன். ஏழு வயதில் எங்களிடம் வந்தவள், உன் காலுக்குச் செருப்பு வாங்கும்போதுகூட ஒரு விரல் கூடவே இருக்கட்டும் என்று வாங்கினவன் நான், இதில் மட்டும் குறைத்துவிட்டேன். இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை, சித்தி படித்துவிட்டுத் தலையாட்டுகிறாள்.

அழுது வழிவதற்கு இதை எழுதவில்லை, கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அதே எண்ணில் பன்னிரண்டு முழுநீளத் தண்டு வாங்கினோம். ஓட்டுநரம்மா உன் உயரந்தானாம், அதனால் நாணை இழுக்கிற அளவும் ஒன்றேதானாம், நம் கதவு நிலையில் உன்னை அளந்து போட்ட கோட்டில் தானே போய் நின்று பார்த்துக்கொண்டார். இறகில்லாத ஒரு அம்பை எய்வது, நகக்கண் அளவு அறுப்பது, மறுபடி எய்வது என்று நாலு சனிக்கிழமை, ஒரு முழம் தள்ளி நின்ற பழைய மொட்டை அம்புக்குப் பதிலாக வந்த புதியது இப்போது மற்றவற்றோடு தோளோடு தோள் நிற்கிறது. இதற்கிடையில் நானும் வில்லாளி ஆகிவிட்டேன். என் முதல் அம்பு மூட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தொட்டது, நாண் முழங்கையின் உட்பக்கத்தில் அறைந்து கத்திரிக்காய் நிறத்தில் ஒரு பதக்கம் கொடுத்தது, அன்றே தோலில் ஒரு கைக்கவசம் தைத்துக்கொண்டேன். இழுத்த விரல் ஒவ்வொரு தடவையும் உதட்டோரத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும் என்கிறார்கள், எனக்கு அங்கே பேச்சு இருப்பதால் விரலுக்கு இடம் கிடைப்பதில்லை. சித்தி ஒரு நாள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு வந்து மூன்று எய்தாள், மூன்றும் நடுவில், கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

வில் விற்கவில்லை. விலை பேசலாமா என்று நான் கேட்டதற்கு ஓட்டுநரம்மா, "மொதல்ல பொண்ணுக்கு எழுதுங்கண்ணே. சரியான அம்புல அவ ஒரு தடவ எய்யட்டும். அப்பவும் வேணாம்னா அடுத்த நாளே வந்து தூக்கிட்டுப் போறேன்" என்றார். ஆகவே வில்லும் பன்னிரண்டு அம்பும் இன்று பார்சலில் ஏறுகின்றன. இறகில்லாததைத் தனியாகக் கட்டியிருக்கிறேன், அதைக் கடைசியில் எய்து பார். இடப்பக்கம் போனால் இன்னும் விறைப்பு, வலப்பக்கம் போனால் தொய்வு, இரண்டும் அம்பின் குணம், உன் குணம் அல்ல. நடுவில் நின்றால் எனக்குச் சொல்ல வேண்டாம், வீட்டுக்குள் போய் அந்தப் பெரிய வேலைக்கு மனுவை எழுது. அம்பு வைக்காமல் வெறும் நாணை மட்டும் இழுத்து விடாதே, வில் உடைந்துவிடும். நுனி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை நான் உனக்குச் சொல்வது நன்றாக இராது. நூறு வருஷம் நேராக நிமிர்ந்து நன்றாக இரு கண்ணே, சித்தியின் ஆசியும் இதிலேயே இருக்கிறது, பொட்டலத்தின் ஓரத்தில் அவள் திணித்த கம்பளிக் கையுறையைப் போட்டுக்கொள்.

அம்புகள் அந்தப் பழைய பையில்தான் வருகின்றன. அடித்தையலைப் பிரித்து இரண்டு விரல் தோல் சேர்த்துத் தைத்திருக்கிறேன். அதே நிறத்தில் தோல் கிடைக்கவில்லை, ஒட்டுப்போட்ட இடம் தூரத்திலிருந்தே தெரியும். தெரியட்டும்.

உன்னை வளர்த்ததைத் தவிர வேறெதையும் அளந்து செய்யாத,
உன் சித்தப்பா