உங்களுக்கென்று வைத்த டிஸ்க்

ஆலங்குடா,
2013.09.22

அன்பின் இன்சாபின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மர்ளியா எழுதுகிறேன். அல்லாஹ் உங்கள் உடம்பைச் சுகமாக வைத்திருக்கட்டும். ஒவ்வொரு கிழமையும் போனில் கதைக்கிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் சொன்னால் இடையில் கேள்வி கேட்பீர்கள், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். செவ்வாய்க்கிழமை கத்தாருக்குத் திரும்புகிற செய்னுலாப்தீன் காக்காவிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு பார்சலையும் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தை வாசித்துவிட்டுப் பார்சலைத் திறவுங்கள்.

வீட்டில் புதினம் ஒன்றுமில்லை. தண்ணீர் மோட்டர் திருத்தியாயிற்று. றிஷ்னாவுக்கு டிசம்பரில் ஓ.எல். பரீட்சை. கணக்கு ஓடவில்லை என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள், அப்படியே உங்கள் குணம். காற்று இன்னும் அடங்கவில்லை. வெள்ளைக்காரர்கள் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் ஓடுகிறார்கள். நான் சமைக்கிறேன், தொழுகிறேன், படுக்கிறேன். அழுகை வருவதில்லை. கல்நெஞ்சுக்காரி என்று யாரும் நினைக்கிறார்களோ தெரியாது. நினைத்தால் நினைக்கட்டும்.

கொம்பியூட்டர் விஷயத்தைத்தான் எழுத வந்தேன். மகன் இன்சாப் மௌத்தாவதற்கு நாலு நாளைக்கு முன், உங்களுக்குக் காட்டவென்று தன் போனில் எடுத்து அதில் ஏற்றிவைத்த நாலு நிமிடப் படம். உச்சமுனைக்குச் சாமான் ஏற்றிப் போகும் தோணியில் நின்றுகொண்டு, எஞ்சின் ஒரே இழுவையில் எழும்புகிறது, பாருங்கள் வாப்பா என்று அவன் சொல்வது. அதே தோணிதான் களப்பில் கவிழ்ந்தது. போனும் அவனோடு போயிற்று. படம் கொம்பியூட்டரில் மட்டும் இருந்தது.

கடற்காற்றில் எல்லாம் துருப்பிடிக்கிற ஊர். பழைய ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போடுகிறது என்று நான் சொன்னதும் நீங்கள் பதறிப்போனீர்கள். நோன்புக்கு முதல் கற்பிட்டி நௌஃபரின் கடைக்கு என்னை அனுப்பினீர்கள். அந்தத் தம்பி இரண்டு புது டிஸ்க்கை மேசையில் வைத்து விளங்கப்படுத்தினான். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினால் இடம் கூட, வேகமும் கூட. ஆனால் ஒன்று கெட்டால் எல்லாம் போகும் என்றான். மற்ற முறைக்கு மிரர் என்று பெயர். எதை வைத்தாலும் இரண்டிலும் விழும். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும், இடம்தான் பாதி என்றான். உங்கள் கொம்பனியிலும் மிரர்தான், அதையே போடச் சொல் என்றீர்கள். பென்டிரைவில் ஒன்று எடுத்து வைப்போமா என்று கேட்டேன். அது கைக்குக் கை மாறி ஊரெல்லாம் சுற்றும், வேண்டாம் என்றீர்கள். நானும் மிரர் என்று சொல்லிவிட்டு வந்தேன். படத்தைப் புதியதற்கு மாற்றின கையோடு பழைய டிஸ்க் ஒரேயடியாக நின்றுபோயிற்று.

ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிந்து எடுப்பீர்கள். நான் படத்தைப் போட்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனைப் பிடிப்பேன். இன்னொரு தரம் போடு என்பீர்கள். இன்னொரு தரம் என்பீர்கள். நீங்கள் குரலைத்தான் கேட்டீர்கள். முகத்தை ஊருக்கு வந்துதான் பார்ப்பேன் என்று வைத்திருந்தீர்கள். நான் முகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வியாழன் அஸர் தொழுததிலிருந்தே எனக்குச் சோறு இறங்காது. ஒரு நாளும் உங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

முந்தாநாள் வெள்ளி, நீங்கள் போனை வைத்த பிறகு, நான் அந்தப் படத்தை அழித்தேன்.

புத்தி பேதலித்து அழிக்கவில்லை. நீங்கள் கடலுக்குப் போன காலத்தில் உங்கள் பங்குக் குழம்பை வேறு சட்டியில் மூடி வைப்பேன் அல்லவா? என் சட்டியைக் கழுவினால் உங்களுடையது கழுவுப்படாது. டிஸ்க்கையும் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். ஒன்று எனக்கு, மற்றது உங்களுக்கு. என்னுடையதில் இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வேலையில்லை. உங்களுடையது பத்திரமாக இருக்கும், வந்து பாருங்கள் என்று நினைத்தேன். கூட்டின குப்பையை நான் வாசலில் விடுவதில்லை, தெரியும்தானே. கொம்பியூட்டரின் குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கினேன்.

நேற்றுக் காலை உங்கள் டிஸ்க்கைத் தேடினேன். எங்கே திறந்தாலும் ஒன்றுதான் இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நௌஃபரிடம் ஓடினேன். அவன் ஏசவில்லை. இதில் செய்தால் அந்த நொடியே அதிலும் செய்யும் ராத்தா, டிஸ்க் பழுதானால்தான் அது காப்பாற்றும், நம்முடைய கை அழித்ததைக் காப்பாற்றாது என்று மெதுவாகச் சொன்னான். இதை முதலே சொல்லவில்லையே என்று தன் தலையில் அடித்துக்கொண்டான். இரண்டையும் கழற்றினான். மேலே வேறொன்றும் எழுதப்படாவிட்டால் எடுக்கலாம், அதற்குப் பெரிய இடம் வேண்டும், உறுதி சொல்ல முடியாது என்றான். ஒன்று அவனிடம் இருக்கிறது. பார்சலில் இருப்பது மற்றது. அங்கே தெரிந்தவர்கள் இருந்தால் காட்டுங்கள். கிடைத்தால் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று இரவு பகலாக யோசித்தேன். என்னிடம் ஒன்று இருக்கிறது. ஜனாஸாவில் அவன் முகம் எப்படி இருந்தது என்று எத்தனையோ தரம் கேட்டீர்கள். தூங்குவது போல இருந்தான் என்றேன். எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். இப்போது எழுதுகிறேன்.

குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிய பிறகு முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். வலது புருவத்துக்குள் கொஞ்சம் மணல் இருந்தது. கழுவியும் போகாத மணல். என் விரலால் தட்டினேன். நாடியில் தாடி வைக்கத் தொடங்கியிருந்தான், எண்ணி இருபது மயிர் இருக்கும், அதற்கு எண்ணெய் போட்டு வந்ததை நீங்கள் அறியமாட்டீர்கள். இடது காது நீலம். உதடு உங்களுடையது, கோபம் வந்தால் நீங்கள் மடிப்பது போல ஒரு பக்கம் மடிந்திருந்தது. முத்தமிடக் குனிந்தேன், கற்பூர வாசம் மூக்கில் ஏறியதும் நிமிர்ந்துவிட்டேன். முத்தமிடவில்லை.

மிச்சத்தை எழுத முடியவில்லை. நேரில் வந்து கேளுங்கள், எத்தனை தரம் கேட்டாலும் சொல்கிறேன். ஏசுவதாக இருந்தாலும் வந்து ஏசுங்கள். அவன் போனதிலிருந்து பதினொரு மாதமாக லீவு கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். கொம்பனி தரவில்லையா, நீங்கள் கேட்கவில்லையா என்று நான் விசாரிக்கவில்லை, இனியும் விசாரிக்கமாட்டேன். வந்தால் போதும்.

எங்கள் பிள்ளையின் கபுறை அல்லாஹ் வெளிச்சமாக்குவானாக. வருகிற வெள்ளி நீங்கள் எடுக்கும்போது போனைப் பிடிக்க எனக்கு ஓர் இடமும் இல்லை. என்னோடு கதையுங்கள்.

உங்கள்
மர்ளியா