கடைசி ஆள் போன பிறகு

அன்புள்ள சிஹாரு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் மூன்று வேளையும் சூடாகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம், லிஸ்பனில் நீயும் அப்படியே இருப்பாய் என்ற நம்பிக்கையோடு ஆரம்பிக்கிறேன். முதல் வகுப்பில் படிக்கும்போது நீ என்னிடம் ஒன்று கேட்டாய், நினைவிருக்கிறதா தெரியவில்லை. ஸ்டேஷன் ரோட்டில் அப்பாவின் வீடியோ கேம் கடையிலிருந்து உன்னை வீட்டுக்குக் கூட்டி வந்துகொண்டிருந்தேன். "ஏம்மா, கடை பூரா கேமா இருக்கு, அப்பா மட்டும் ஏன் ஆடவே மாட்டேங்குறாரு? அவருக்கு ஆடத் தெரியாதா?" என்றாய். கடைக்காரர் உட்கார்ந்தால் வந்தவர்களுக்கு இடம் குறைந்துவிடும் என்று அப்போது எதையோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் எனக்கும் தெரியாது. அதற்குப் பதில் போன வாரம்தான் கிடைத்தது. அதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம், ஆனால் நான் எதையும் முதலிலிருந்து சொல்லித்தான் பழக்கம், நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுங்கள், உங்களையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று நீ எழுதியதைப் பல தடவை படித்தேன். நீ சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. டாக்டர் அகுட்சுவும் அதையேதான் சொன்னார். இல்லத்தில் ஓர் இடம் காலியாகிறது, மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றார். புது வருடத்துக்குப் பிறகு அப்பா படுக்கவே இல்லை, அதுதான் விஷயம். கடையை மூடியபோது வீட்டுக்குக் கொண்டுவந்தாரே, மேசை மாதிரி கண்ணாடி போட்ட அந்தப் பழைய மெஷின், அது முன் அறையில் இருக்கிறது. காலையில் எழுந்ததும் அதன் பிளக்கைச் சொருகி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, வாசல் பக்கம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவர் நினைப்பில் கடை திறந்தாயிற்று. அதன் பிறகு எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்க மாட்டார். தூக்கமும் முக்காலியிலேயே, சுவரில் சாய்ந்தபடி. கால் இரண்டும் வீங்கி, சாக்ஸ் ஏற்றினால் தடம் அப்படியே பதிந்துவிடும். இப்படியே போனால் இதயத்தைத் தொடும், உங்களால் படுக்க வைக்க முடியாவிட்டால் இல்லத்தில் வைத்து நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

இந்த வருடம் பனியும் ஒரு தினுசாகத்தான் விழுகிறது. கீழ் ஜன்னல்கள் பாதிக்கு மேல் மூடிவிட்டன, பகலிலும் விளக்கு போட வேண்டும். வாசலிலிருந்து தெருவுக்கு ஒரு ஆள் போகிற அகலத்துக்கு வெட்டிய வழி மட்டும்தான் உண்டு, இரண்டு பக்கமும் என் தலைக்கு மேல் பனிச்சுவர். சாமான் வாங்கப் போகலாம் என்றால் இவரைத் தனியே விட முடியாது, விடாமல் உட்கார்ந்திருந்தால் எனக்கு மூச்சு முட்டும். சும்மா எதிரே உட்கார்ந்திருந்தால் அவர் அமைதி இல்லாமல் கையைப் பிசைவார். அதனால் ஒரு நாள் அவருடைய தகர டப்பாவிலிருந்து நூறு யென் காசு ஒன்றை எடுத்துப் போட்டு ஆட ஆரம்பித்தேன். பூனைகள் துரத்த எலி ஓடுமே, அந்த ஆட்டம்தான். அப்பா முகம் உடனே தெளிந்துவிட்டது. முதலில் என் எலி கண் சிமிட்டுவதற்குள் செத்துப்போகும். அவர் எட்டிப் பார்த்து, "அக்கா, இடது மூலையில போய் நிக்காதீங்க, அங்க நின்னா மாட்டிக்கிட்டீங்கன்னு அர்த்தம்" என்பார். என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்னை அக்கா என்கிறார். அவருக்கு நான் யாரோ ஒரு வாடிக்கைக்காரி. முதல் நாள் அது வலித்தது, அப்புறம் பழகிவிட்டது. தினமும் ஆடி ஆடி இப்போது எனக்கு ஆட்டம் நன்றாக வந்துவிட்டது, ஒரு காசு போட்டால் சாமானியத்தில் சாக மாட்டேன். பக்கத்து வீட்டு டொமியே, பனி வாருகிற மண்வெட்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளைங்கள எல்லாம் இந்தக் கடைப் பக்கம் போகாதேன்னு மெரட்டுவீங்களே டீச்சர், இப்ப உங்கள யாரு மெரட்டுறது?" என்று சிரித்தாள்.

சாயங்காலம் ஆனால் மெஷினை விட்டு எழுந்து, சாப்பிட வாருங்கள், படுக்கலாம் என்று அழைப்பேன். "பரவாயில்லக்கா, நீங்க முடிச்சிட்டு வாங்க, அவசரமில்ல" என்பார். முடித்துவிட்டேன் என்றாலும் நகர மாட்டார். நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டால் கழுத்தை நீட்டி வாசலைப் பார்ப்பார், மறுபடி சுவரில் சாய்ந்துவிடுவார். எதைப் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவே இல்லை. கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் பிளக்கைப் பிடுங்கினேன். மின்சாரம் போய்விட்டது என்று அந்த வாடிக்கைக்காரியிடம் அத்தனை பணிவாக மன்னிப்புக் கேட்டார். அன்றைக்கு அடுப்படியில் போய் நின்று அழுதேன். இல்லத்துக்குச் சரி என்று சொல்லிவிடலாம் என்று முடிவும் செய்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை டொமியே முள்ளங்கி ஊறுகாய் கொண்டுவந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். வாசலில் அப்பா அவளிடம் தணிந்த குரலில் பேசுவது காதில் விழுந்தது. "உள்ள ஒரு அக்கா இருக்காங்க. எழுந்து போகவே மாட்டேங்குறாங்க" என்றார். போகச் சொல்ல வேண்டியதுதானே என்று டொமியே கேட்டாள். "வந்தவங்கள எப்படிப் போகச் சொல்றது? கடைக்காரன் வாயால அத சொல்லக் கூடாது. அதுவும் நல்லா ஆடுறாங்க, ஒரு காசுல பொழுதையே ஓட்டிடுறாங்க. ஆட்டம் நின்னா போயிட்டாங்களோன்னு பார்ப்பேன். பூட்ஸ் இங்கேயேதான் கெடக்கும்" என்றார். வாசல் படியில் என் பூட்ஸ் எப்போதும் கிடக்கிறதல்லவா, அதைத்தான் அத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்கு மேலும் சொன்னார், சிஹாரு. "எனக்கும் வீட்டுக்குப் போகணும்ங்க. என் வீட்டுக்காரி பள்ளிக்கூடத்துல டீச்சர். சோறு போட்டு மூடி வச்சிட்டு, நான் வராம சாப்பிடாம உக்காந்திருப்பா."

என் வகுப்பில் ஒரு வருடம் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், ரொம்ப மரியாதைக்காரக் குழந்தைகள். மணி அடித்தும் காணோமே என்று தேடிப் போனால், கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், நீ முதலில் வா, இல்லை நீ முதலில் போ என்று குனிந்து குனிந்து வணங்கிக்கொண்டு நிற்கிறார்கள். நானும் உன் அப்பாவும் இரண்டு மாதமாக அந்தக் கதவில்தான் நின்றிருக்கிறோம். அவர் எழுந்திருக்காததால் நான் போகவில்லை, நான் போகாததால் அவர் எழுந்திருக்கவில்லை.

அன்று ஏழு மணி, கடை மூடுகிற நேரம், மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, அவர் பார்க்கும்படி உட்கார்ந்து பூட்ஸை மாட்டினேன். போய் வருகிறேன் என்றேன். "மறுபடி வாங்கக்கா, வழுக்கும், பாத்துப் போங்க" என்று எழுந்து நின்று வணங்கினார். வெளியே வந்து பனி வழியில், ஜன்னலில் மூடாமல் மிச்சம் இருந்த கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். உடனே மூடுவார் என்று நினைத்தேன். அவர் காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தார். ஒரு காசு போட்டார். ஆடினார். தோளை அசைக்காமல், கை மட்டும் போகும்படி, அவ்வளவு அழகாக ஆடினார். பூனைகள் அவருக்குப் பின்னால் வரிசையாகப் போயின. நேராக இடது மூலைக்குப் போய், நாலும் வந்து சூழும்வரை நின்று, சாகக் கொடுத்துவிட்டு எழுந்தார். அப்புறம் பிளக்கைப் பிடுங்கி, கண்ணாடியைத் துடைத்து, மேலே துணியைப் போட்டார். நீ சின்ன வயதில் கேட்டதற்குப் பதிலும், அந்தக் காலத்தில் அவர் கடை மூடி வருவதற்கு ஏன் கொஞ்சம் தாமதம் ஆகும் என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவர் பனியில் நின்ற என்னைப் பார்த்தார். "ஃபுசாயே, இந்தக் குளிர்ல வெளியில என்ன பண்றே? நேரமாயிடுச்சு, ஒரு ஆளு கெளம்பவே இல்ல" என்றார். என் பேரைச் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று. கையைப் பிடித்து அதே வாசல் வழியாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். சோறும் சூப்பும் சாப்பிட்டார், படுத்தார், கால் நீட்டித் தூங்கினார்.

அன்றிலிருந்து தினமும் ஏழு மணிக்கு நான் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போகிறேன். எல்லா நாளும் பேர் சொல்லுவார் என்று இல்லை. நேற்று என்னைப் பார்த்து, கடை மூடிவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்றார். ஆனாலும் உள்ளே வந்து படுத்துக்கொண்டார். வீக்கம் வடிந்திருக்கிறது, பனி உருகும்வரை பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அந்த இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. இது எத்தனை நாள் ஓடும் என்று என்னைக் கேட்காதே. பகல் முழுக்க அதே அறை, அதே எலி, அதே பூனைகள்தான். ஆனால் சாயங்காலம் அந்தப் பனி வழியில் நிற்கிற கொஞ்ச நேரம் என்னுடையது. வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதை வசந்தம்வரை தள்ளி வை. வரும்போது பூட்ஸ் நல்லதாகக் கொண்டு வா.

நீ உடம்போடும் மனதோடும் நன்றாக இருக்க வேண்டும், உன் வீட்டு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசி. மாத்திரையை மறக்காதே, காப்பியைக் குறை. போன தடவை போனில், நான் யாரென்று தெரிகிறதா அப்பா என்று கேட்டு நீ அழுததும், அவர் பயந்து போனை வைத்துவிட்டதும் இன்னும் என் மனதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை ஒன்பது மணி ஆகும்போது இங்கே ஆறு, கடை மூட இன்னும் நேரம் இருக்கும். அப்போது கூப்பிடு. அப்பா என்று ஆரம்பிக்காதே, "கடை தொறந்திருக்கா?" என்று கேட்டுப் பார்.

அன்புடன்,
அம்மா ஃபுசாயே