சுவருக்குப் பின்னால் சொட்டிய தண்ணீர்

என் அன்பு அண்ணனுக்கு,

உன் தொட்டி சாகவில்லை. நீ முதலில் கேட்கப்போவது அதைத்தான், அதனால் அதையே முதலில் எழுதுகிறேன். க்ளவுன் மீன் இரண்டும் இருக்கின்றன. ஓரத்தில் இருந்த பச்சைப் பவளம் வெளுத்துப்போனது, மற்றவை பிழைத்துக்கொண்டன. உப்புக் கலக்கவும் தண்ணீர் மாற்றவும் நானே கற்றுக்கொண்டேன். அம்மா காலையில் காப்பித் தம்ளரோடு தொட்டி முன்னால் உட்கார்ந்து, மீன்களிடம் உன் ஆபீஸ் கதையெல்லாம் விசாரிக்கிறாள்.

நல்ல செய்தி இவ்வளவுதான். இனி வருவது உனக்குப் பிடிக்காது.

அடுக்களைச் சுவரில் நீ மாட்டிய ஃபில்டரைப் பற்றித்தான். ஒரே மெஷின், இரண்டு குழாய். ஒன்று நாம் குடிக்க. இன்னொன்று, தண்ணீரில் மிஞ்சிய உப்பையும் உறிஞ்சிக்கொள்ளும் ஒரு குழல் வழியாக, தொட்டிக்குத் தண்ணீர் சேர்த்துவைக்கும் உன் டிரம்முக்கு. "நமக்கு இது மதி, தாராளம். பவளத்துக்குப் பத்தாதுடீ, மனசிலாச்சா?" என்று தண்ணீரின் சுத்தத்தை அளக்கும் மீட்டரை முக்கிக் காட்டுவாய். "பின்னே மீனுக்கு ஒண்ணாந்தரம், பெத்தவளுக்கு ரெண்டாந்தரம், அப்படித்தானே மக்ளே?" என்பாள் அம்மா. சிரிப்போம்.

அந்த மெஷினில் மூன்றாவதாகவும் ஒரு குழாய் இருந்தது. அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. ஒரு குடம் நல்ல தண்ணீர் தருவதற்கு அது அதைவிட அதிகமாகக் கழித்துத் தள்ளும். கழிக்கிற தண்ணீருக்கான மெல்லிய வெள்ளைக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு பின்பக்கச் சாக்கடைக்குப் போகிறது. பின்பக்கத்தில் நாம் வாடகைக்கு விட்ட அறைகள் இருக்கின்றன.

முத்துலட்சுமியை உனக்கு நினைவிருக்கும். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. புருஷனுக்குக் கான்கிரீட் வேலை, அவளுக்குத் தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் அறை பெருக்கும் வேலை. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. பள்ளிக்கூடத்தில் தமிழன் என்று இளக்காரமாக உன்னைப் "பாண்டி" என்று கூப்பிட்ட மலையாளப் பையனின் பல்லை உடைத்துவிட்டு வந்தாயே, அதே வீட்டில் இருந்துகொண்டுதான் அம்மா இன்றும் அவர்களை "பாண்டிக்காரங்க" என்கிறாள். நாம் மூன்று தலைமுறைக்கு முன்னால் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தவர்கள், அவர்கள் மூன்று வருடத்துக்கு முன்னால் வந்தவர்கள். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அவர்கள் அறைக்குக் கிணற்றுத் தண்ணீர், நமக்கு ஃபில்டர் தண்ணீர்.

உன் முதல் வருஷத் திதி அன்று அவள் ஒரு சீப்புப் பழத்தோடு முன்வாசல் வழியாக வந்தாள். உன் படத்தைக் கும்பிட்டுவிட்டு அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆச்சி, உங்க மவன் செஞ்சத எங்கூடப் பொறந்தவனும் செய்யமாட்டான். கெணத்துத் தண்ணி ஒரே துரு நாத்தம். நான் பிள்ளையையும் தூக்கிக்கிட்டு தெருக் கொழாயில கொடம் சுமந்தத ஒருநாளு பாத்தாவ. பொறவு பாத்தா, பின்னால ஃபில்டர் தண்ணி வருது. கொடம் வைக்க வாட்டமா பைப்புக்குக் கிளிப்பும் அடிச்சு வுட்டிருந்தாவ. எம்பிள்ள அந்தத் தண்ணியிலதான் வளருது."

அம்மா வாய்விட்டு அழுதாள். நீ போன பிறகு அவள் சந்தோஷத்தில் அழுததை அன்றுதான் பார்த்தேன். "கேட்டியாட்டீ உமா? வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது சொன்னானா பாரு. தர்மத்தை இப்படித்தான் செய்யணும், கேட்டோ?"

கையில் பாயசக் கிண்ணத்தோடு நான் நின்றிருந்தேன். அது என்ன தண்ணீர் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாலையில் மீட்டரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். விஷம் ஒன்றும் இல்லை, அதை மிகைப்படுத்த மாட்டேன். ஆனால் அவள் முன்பு சுமந்து வந்தாளே, அந்தத் தெருக்குழாய்த் தண்ணீரே இதற்குத் தேவலை. அதே தண்ணீர்தான் நம் மெஷினுக்குள்ளும் போகிறது; அதில் நமக்கும் உன் பவளத்துக்கும் ஆகாதது எதுவோ, அது மட்டும் இன்னும் கெட்டியாகி அவள் குடத்தில் விழுந்துகொண்டிருந்தது. குழாய் பளிச்சென்று இருக்கிறது, தண்ணீரும் தெளிவாக இருக்கிறது, பணக்கார வீட்டு ஃபில்டரிலிருந்து வருகிறது. அவள் வேறு என்ன நினைப்பாள்?

அந்தக் கிளிப்பை எதற்கு அடித்தாய் அண்ணே? சுவர் நனையாமல் இருக்கவா, அவள் குடத்துக்காகவா? குடத்தைப் பார்த்திருந்தால், பாத்திரம் கழுவத்தான் பிடிக்கிறாள் என்று நினைத்தாயா? ஒரு வார்த்தை கேட்டாயா? தொட்டியில் ஒரு சொட்டுத் தவறான தண்ணீர் விழுந்தால் உறங்காதவன் நீ. எலிக்காய்ச்சல் உன்னை அவசரமாகக் கொண்டுபோய்விட்டது, உன்னிடம் கேட்க முடியவில்லை.

இதையெல்லாம் உன்னிடம் கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று இனி நீயே சொல்.

திதி முடிந்து ஒரு வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. உண்மையைச் சொன்னால் நல்ல தண்ணீரைக் கொடுக்க வேண்டும். அவர்களுக்கும் கொடுத்தால் டிரம் நிறையாது. நான் தண்ணீர்க் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன், அண்ணே. ஆபீஸில் உட்கார்ந்து வெளிமாநிலத் தொழிலாளிகளின் உரிமை பற்றி ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற நான். காலையில் பல் துலக்கிக்கொண்டே அடுக்களை ஜன்னலில் நிற்பேன். அவள் குடத்தை நிறைத்துவிட்டுப் பிள்ளையின் பாட்டிலையும் நிறைப்பாள். என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை முத்துலட்சுமியிடம் போய்ச் சொன்னேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் புரியவில்லை, இரண்டாம் முறை சொன்னேன்.

"அப்ப நீங்க குடிக்கது?"

"அது வேற குழாய்."

"மீனுக்கு?"

"அதுக்கும் வேற."

ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "மீனு குடிச்ச மிச்சம்னாக்கூடப் பரவால்ல யக்கா. மீனுக்கு ஆவாதுன்னு தள்ளுனதயா எம்பிள்ளைக்குக் குடுத்தேன்?"

அவளே உனக்காகப் பேசினாள். "அண்ணாச்சிக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சா வுட்டிருக்கமாட்டாவ." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எப்பம் கண்டிய?"

"திதி அன்னைக்கு."

"நேத்துக் காலையிலயும் பிடிச்சேனே. சன்னல்ல நின்னுதானே பாத்திய?"

உனக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. நம் இரண்டு பேரில் யார் மோசம் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

அம்மா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "செத்தவன் பேரைக் கெடுத்தாத்தான் உனக்கு உறக்கம் வருமோடீ?" என்றாள். அவளுக்குக் கிடைத்த ஒரே ஆறுதலைப் பிடுங்கியது நான்தான். மன்னித்துவிடு. ஆனால் ஒரு குழந்தையின் பாட்டிலில் அந்தத் தண்ணீரை ஊற்றித்தான் உன் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்றால், அந்தப் பெயர் எதற்கு?

பிளம்பரைக் கூட்டிவந்து நம் குடிதண்ணீர்க் குழாயிலிருந்து ஒரு கிளையைப் பின்பக்கம் கொண்டுபோய், அவள் வாசலில் ஒரு பைப்பு வைத்தேன். கழிவுத் தண்ணீரைக் கக்கூஸுக்குத் திருப்பிவிட்டோம். காலையில் முதலில் அவர்கள் குடம், பிறகு நம் அடுக்களை, கடைசியில்தான் உன் டிரம். நான் பயந்தபடியே டிரம் பாதிகூட நிறைவதில்லை. பவளங்களை உன் சிநேகிதன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் காரில் நானே தூக்கி வைத்தேன். மீன்கள் இரண்டும் அம்மாவுக்காக இருக்கின்றன, அவற்றுக்கு அத்தனை சுத்தம் வேண்டாம்.

பைப்பு வைத்த அன்று முத்துலட்சுமி குடத்தோடு வெளியே வந்தாள். குடத்தை வைக்கவில்லை. உள்ளே போய் ஒரு தம்ளர் எடுத்து வந்து, நிறையப் பிடித்து, என்னிடம் நீட்டினாள்.

"நீங்க மொதல்ல குடிங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் பார்க்க, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். அதற்குப் பிறகுதான் குடத்தை வைத்தாள்.

மறுநாளும் தம்ளரோடுதான் வந்தாள். இன்று காலையிலும் வந்தாள். அவளாக என்றைக்கு வேண்டாம் என்கிறாளோ அன்றுவரை, உன் பங்குக்கும் என் பங்குக்குமாக முதல் தம்ளரை நான் குடிப்பேன் அண்ணே. இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
உமா
கரமனை