பாங்கொக் போன நாகலெட்சுமிக்கு

அக்கரப்பத்தனை,
புதன்கிழமை.

அன்புள்ள நாகலெட்சுமிக்கு,

உன் கணவன் கந்தப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கோழிகளும் சுகம். நீ சுகம் என்பது எனக்கு மட்டுமல்ல, இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கே தெரியும்.

இதை நான் கொப்பியில் எழுதிக் கொடுக்க, பக்கத்துக் காம்பரா சுதர்ஷினி தன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். குரலில் பேசி அனுப்பலாமே என்றாள். அறைக்கு அறை ஒரே சுவராக இருக்கும் நம் லயத்தில் நான் இருமினாலே கடைசிக் காம்பராவில் யாரென்று கேட்பார்கள். நான் சொல்லப்போவது அத்தனை பேருக்கு இல்லை. படிக்காமல் படம் பிடிப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறாள். நான் நம்பவில்லை.

நீ போய் எட்டு நாள். பின்னேரமானால் பிளேன்டீயோடு சுதர்ஷினி வாசலில் உட்கார்ந்து, நீ அவளுக்கு அனுப்பும் படங்களைப் பார்க்கிறேன். கோழிகளை விசாரிக்கிறாய், லீக்ஸ் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறாய், எதிர் லயத்து நாயைக்கூடக் கேட்கிறாய். என்னைப் பற்றி இதுவரை ஒரு சொல் இல்லை.

நீ தங்கியிருக்கும் விடுதியைப் பார்த்தேன். ஒரே அறையில் எட்டுப் பேர், கட்டிலுக்கு மேல் கட்டில், குளிக்க வரிசை. கடல் தாண்டிப் போய், காசும் கொடுத்து, லயத்திலேயே குடியேறியிருக்கிறாய். மேல் கட்டில் ஜெர்மன்காரப் பெண்ணுக்கு நீ உறைப்பான கட்டசம்பல் கொடுத்ததையும், அவள் அழுதுகொண்டே இன்னும் கேட்டதையும் லயத்தில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்தப் பை விஷயமும் வந்து சேர்ந்தது. மகன் வினோஜன் கொழும்பிலிருந்து வாங்கி வந்த முதுகுப்பையை, தோள் வலிக்கிறதென்று கயிறு கட்டித் தலையில் மாட்டி, கொழுந்துக் கூடை சுமப்பதுபோல் பாங்கொக் சந்தைக்குள் நடந்தாயாமே. ஒரு வெள்ளைக்காரன் உன்னைப் படம் எடுக்க, நீ அவனை நிறுத்திவைத்துப் பதிலுக்கு மூன்று படம் எடுத்திருக்கிறாய். அவன் முழிப்பதைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

நம் மலையைச் சுற்றிப் பார்க்க வந்த ஆட்கள் முப்பது வருஷமாக உன்னைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். "ஒரு நாளைக்கு நானும் பைய மாட்டிக்கிட்டுப் போயி, வேல செய்யிற ஆளுங்கள படம் புடிப்பேன்" என்று நீ சொல்லும்போதெல்லாம் பகிடி என்றுதான் நினைத்தேன். நீ வேலை விட்டதற்குச் சேமலாப நிதிப் பணம் வந்ததும், தன் துணிக்கடைக்கு உடுப்பு வாங்க பாங்கொக் போகும் செரீபாவோடு நீயும் கிளம்பிவிட்டாய். அந்த அம்மாள் மொத்தக் கடைகளில் விலை பேசிக்கொண்டிருக்க, நீ தனியாக ஆற்றுப் படகிலும் பஸ்ஸிலும் ஊரையே அளந்துகொண்டிருக்கிறாய். போன மாசம்வரை நுவரெலியா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடமில்லாவிட்டால் ஏறமாட்டேன் என்றவள்.

எல்லாவற்றையும்விட ரயில் நிலையக் கதைதான் இங்கே ஓய மாட்டேன் என்கிறது. காலை எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் அந்த நாட்டுத் தேசிய கீதம் போட, ஓடிக்கொண்டிருந்த சனமெல்லாம் அப்படியே நின்றதாம். நீ அதை நம் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு என்று நினைத்து, பையை இறக்கிவைத்து, தலை முக்காட்டைச் சரிசெய்து, பெயர் கூப்பிடக் காத்து நின்றாயாம். நான் கங்காணியாகப் பெயர் கூப்பிட்ட பெரட்டுக்கு ஒரு நாளாவது நேரத்துக்கு வந்திருப்பாயா? கடைசி ஆளாக ஓடிவந்து, மூச்சு வாங்க, "இருக்கேங்க" என்பாய். அதற்காக உன்னை எத்தனை நாள் ஏசியிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ புறப்படுவதற்கு முதல் நாள் இஸ்ஸதீன் நானா கடை வாசலில், அவ்வளவு பேருக்கு முன்னால், "இவ பஸ் ஸ்டாண்டுலயே தொலைஞ்சு போவா, மூணாம் நாள் அழுதுகிட்டுத் திரும்பி வருவா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாய். நான் சொன்னது பிழை. உனக்குப் பயமாக இருக்கும் என்று நினைத்தேன். பயம் எனக்குத்தான் என்பது நீ போன பிறகுதான் விளங்கியது.

இன்று காலை பெரட்டில் ஒன்று நடந்தது. சுதர்ஷினி சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வரிசையாகப் பெயர் கூப்பிட்டுக்கொண்டு வந்தவன், காளியாயிக்கு அடுத்து உன் பெயரைக் கூப்பிட்டுவிட்டேன். நீ வேலையிலிருந்து நின்று இரண்டு வருஷமாகிறது. பெயர்க் கொப்பியில் உன் பெயர் இல்லை, வாயில்தான் இருந்தது. வரிசை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு காளியாயி, "அவ பாங்கொக் பெரட்டுல நிக்கிறாங்க கங்காணி" என்றாள். மலையே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் கொப்பியில் எந்த எழுத்தும் கண்ணுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை செரீபா திரும்பிவிடுவார், நீ மட்டும் இன்னும் ஒரு கிழமை நின்று வடக்குப் பக்கம் ரயிலில் போகப் பார்க்கிறாய் என்று சுதர்ஷினி சொன்னாள். எனக்காகத் திரும்பி வராதே. நன்றாகப் பார்த்துவிட்டு வா. நேற்று ஸ்டூடியோவில் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தேன். அதையும் இதோடு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். திருடன் மாதிரிதான் இருக்கிறேன், சிரிக்கக்கூடாது என்றுவிட்டார்கள். அடுத்த முறை போகும்போது உன் பையைத் தூக்க ஒரு ஆள் வேண்டுமென்றால், இந்த முகத்தையும் யோசித்துப் பார்.

சனநெருக்கடியில் பையை முன்பக்கமாகப் போட்டுக்கொள். வேளைக்குச் சாப்பிடு. போகிற இடமெல்லாம் முத்துமாரி உனக்குத் துணையிருப்பாள்.

நாளைக் காலை கொப்பியைப் பார்த்துச் சரியாகத்தான் கூப்பிடுவேன். காளியாயி பெயருக்கு அடுத்துக் கொஞ்சம் நிறுத்துவேன். அதற்குள் சுதர்ஷினி போனுக்கு, எனக்கென்று, ஒரே ஒரு "இருக்கேங்க" அனுப்பிவிடு.

உன்,
கந்தப்பன்