தனிக்கூண்டு எலிகள்

பிரிஸ்பேன், ஜூலை 3

அன்புள்ள சேய்னிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

போன மாதம் ஆய்வுக்கூடத்தில் ஒரு கூத்து. நான் கழுவும் கூண்டுகளில் பன்னிரண்டு எலிகள், முதுகில் சின்னக் காயத்தோடு, ஒவ்வொன்றும் தனியாகக் கிடந்தன. நம் டோங்காத் தீவில் நோயாளியை யாராவது தனியே படுக்கவிடுவார்களா? நான்கு நான்காகச் சேர்த்துவிட்டேன்.

மறுநாள், அந்த ஆய்வை நடத்தும் டாக்டர் ஃபியோனா தலையில் கைவைத்துக்கொண்டார். "லொபெட்டி, தனியா வச்சதே சோதனைக்குத்தான்யா! தனியா கிடந்தா மூளை மிரளும். அந்த மிரட்சி நரம்பு வழியா உடம்பெல்லாம் போயி, காயம் ஆத்துற வேலைய மந்தமாக்கும். அதத்தான் பாத்துட்டிருந்தேன், கெடுத்துட்டியே!"

வேலை போகவில்லை, பயப்படாதே. புதிய எலிகள் வந்தன. தனித்தனியாகப் போட்டதும் நான்தான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அப்போது அவர் என் விரலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்து, "இது எப்ப பட்டது?" என்றார். ஏப்ரலில், ஈஸ்டருக்கு முந்தின வாரம் கூண்டுக் கம்பி கிழித்தது என்றேன். "வீட்ல கூட யாரு இருக்கா?" என்றார். நான் எலிகளுக்கு விரிக்கும் பஞ்சு மூட்டையை எடுக்கப் போய்விட்டேன்.

இப்போது தனி எலிகளில் பாதிக்கு, கூட்டமாக இருக்கும் எலிகள் படுத்த பழைய பஞ்சைப் போட்டு, அந்த வாசனையே போதுமா என்று பார்க்கிறார்.

கம்பளிச் சட்டை ஒன்றும் தேங்காயெண்ணெய் ஒரு புட்டியும் அனுப்பு. உன் தலையணை உறையையும் சேர்த்து அனுப்பு. அதைத் துவைக்க வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது.

உன்
லொபெட்டி